பாக்கெட் எங்கே நின்றது?

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு கணினிகள் பேசிக்கொள்ளவில்லை என்றால் முன்பெல்லாம் முதலில் கேபிளைத்தான் பார்ப்போம். கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா, கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்குகிறதா என்று கையால் தொட்டு, கண்ணால் பார்த்துவிடலாம். இன்றைக்கு நாம் பயன்படுத்தும் சர்வர்களில் பெரும்பாலானவை விர்ச்சுவல் மெஷின்கள். ஒரே இரும்புப் பெட்டிக்குள் நாற்பது ஐம்பது சர்வர்கள் ஓடும். அவற்றின் நெட்வொர்க் கார்டு, ஸ்விட்ச், நடுவிலுள்ள கேபிள் எல்லாமே மென்பொருள். தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாததால், கோளாறு வந்தால் யூகிக்க ஆரம்பித்துவிடுகிறோம். யூகிப்பதை நிறுத்திவிட்டு, நெட்வொர்க்கில் தகவலைச் சுமந்து போகும் சின்னப் பொட்டலமான பாக்கெட்டின் பின்னாலேயே போக வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஓப்பன்ஸ்டாக் மென்பொருளை வைத்து எங்களுக்கென்று ஒரு கிளவுட் நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவிலிருந்து போன். டேட்டாபேஸில் லாகின் ஆகிறது, சின்ன ரிப்போர்ட் வருகிறது, மாதாந்திர ரிப்போர்ட்டைக் கேட்டால் மட்டும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. பிங் போட்டுப் பார்த்தேன், அதாவது ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பி பதில் வருகிறதா என்று பார்த்தேன். பதில் வந்தது. சரி, நெட்வொர்க்கில் ஒன்றும் இல்லை என்று டேட்டாபேஸ் பிரிவுக்குத் தள்ளிவிட்டேன். அவர்கள் ரீஸ்டார்ட் செய்தார்கள். எந்த பாக்கெட்டை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று முடிவு செய்யும் ஃபயர்வாலின் விதிகளை நான் திறந்தேன், மறுபடி மூடினேன். மதியம் இரண்டு மணி வரை இதேதான். அப்போது எங்கள் குழுவின் மூத்தவர் வந்து கேட்டார்: “தம்பி, பாக்கெட் எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?”

நான் பார்த்திருக்கவில்லை.

பாக்கெட்டின் வழி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ட்ரேஸ்ரூட் என்ற கருவி. 1987-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன் எழுதியது. யோசனையைச் சொன்னவர் ஸ்டீவ் டீரிங். ஒவ்வொரு பாக்கெட்டிலும் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு பாக்கெட்டைக் கடத்திவிடும் கருவிதான் ரவுட்டர். வழியில் வரும் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமாகிவிட்டால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு தகவல் அனுப்பும். பாக்கெட்டுகள் முடிவே இல்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ட்ரேஸ்ரூட் அந்த எண்ணை வேண்டுமென்றே 1 என்று வைத்து ஒரு பாக்கெட்டை அனுப்புகிறது. முதல் ரவுட்டர் தன் முகவரியோடு தகவல் அனுப்புகிறது. அடுத்து 2, அடுத்து 3. இப்படி, வழியில் இருப்பவர்களையே ஒவ்வொருவராகப் பேச வைக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதில் வியப்பு குறைவதில்லை.

ஆனால் விர்ச்சுவல் நெட்வொர்க்கில் ட்ரேஸ்ரூட் காட்டுவது மிகக் குறைவு. ரிப்போர்ட்டைக் கேட்கும் மெஷின், டேட்டாபேஸ் மெஷின் என்று எங்கள் இரண்டு மெஷின்களும் ஒரே விர்ச்சுவல் நெட்வொர்க்கில் இருந்தன. நடுவில் ரவுட்டர் இல்லாததால் அது ஒரே வரியைத்தான் காட்டியது, ஏதோ இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் போல. உண்மையில் நடுவில் எத்தனை கட்டம் பாருங்கள். பாக்கெட் முதலில் மெஷினிலிருந்து டாப் என்ற மென்பொருள் போர்ட் வழியாக வெளியே வருகிறது. அங்கிருந்து ஓப்பன் விஸ்விட்ச் என்ற மென்பொருள் ஸ்விட்சுக்குள் போகிறது. அங்கே அதை இன்னொரு உறைக்குள் போட்டு ஒட்டுகிறார்கள். இந்த உறைக்குப் பெயர் விஎக்ஸ்லேன். பிறகு நிஜமான கார்டு, நிஜமான கேபிள், ரேக்கில் இருக்கும் நிஜமான ஸ்விட்ச். அந்தப் பக்க சர்வரில், அதாவது எதிர் மெஷின் ஓடும் இரும்புப் பெட்டியில், உறையைப் பிரித்து, இதே வழியில் தலைகீழாக உள்ளே போக வேண்டும்.

அந்த உறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய விலேன் முறையில் ஒரு டேட்டா சென்டருக்குள் 4094 தனித்தனி நெட்வொர்க்குகள்தான் பிரிக்க முடியும். கிளவுடுக்கு அது போதாது. 2014-ல் வெளியான விஎக்ஸ்லேன் வரையறையில் சுமார் 1 கோடியே 60 லட்சம் வரை பிரிக்கலாம். அதற்கு விலையாக ஒவ்வொரு பாக்கெட்டும் 50 பைட் பெரிதாகிறது. இந்த 50 நினைவிருக்கட்டும்.

அப்புறம் தேட ஆரம்பித்தோம். முதலில் ஓப்பன் விஸ்விட்சையே கேட்டோம். இப்படி ஒரு பாக்கெட் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், எந்த விதியில் படுகிறது, எந்த போர்ட்டில் வெளியே போகிறது என்று வரி வரியாகச் சொல்லும் கட்டளை அதில் இருக்கிறது. நிஜமாக எதையும் அனுப்பத் தேவையில்லை. உறையில் போட்டு வெளியே அனுப்புவேன் என்றது. அது சொன்னது உண்மைதான். ஆனால் விதி சொல்வது வேறு, கேபிளில் நடப்பது வேறு. அதனால் டிசிபிடம்பை எடுத்தோம். ஒரு இடத்தில் உட்கார்ந்து, கடந்து போகும் பாக்கெட்டுகளை எல்லாம் குறித்துக்கொள்ளும் கருவி அது. அனுப்பும் மெஷினின் டாப் போர்ட்டில் ஒன்று, அந்த சர்வரின் நிஜக் கார்டில் ஒன்று, எதிர்ப்பக்க சர்வரின் கார்டில் ஒன்று என்று திரையில் மூன்று ஜன்னல்கள் திறந்து வைத்தோம். கார்டுகளில் விஎக்ஸ்லேன் போகும் 4789 என்ற போர்ட் எண்ணை மட்டும் வடிகட்டினோம்.

சாதாரண பிங். மூன்று ஜன்னலிலும் வரிகள் ஓடின. மூத்தவர், பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பெரிய பிங் போடச் சொன்னார். முதல் இரண்டு ஜன்னல்களில் வந்தது. மூன்றாவது அசையவே இல்லை. அளவைக் குறைத்துக்கொண்டே வந்தோம். 1423 பைட் போகவில்லை. 1422 போனது. அவர் பேனாவை எடுத்து என் நோட்டில் கணக்குப் போட்டார்: 1422-உடன் பிங்கின் தலைப்புகள், அதாவது முகவரி போன்ற முன்குறிப்புகள், 28, ஆக 1450. உறைக்கு 50. மொத்தம் 1500.

இரண்டு சர்வர்களின் கார்டுகளிலும் உறைக்கு இடம் வேண்டும் என்று 9000 பைட் வரை அனுமதித்திருந்தோம். முந்தைய வாரம் பழுதான ஒரு ரேக் ஸ்விட்சை மாற்றியிருந்தார்கள். புதியது கம்பெனியிலிருந்து வந்தபடியே 1500 பைட் வரைதான் அனுமதித்துக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரியது எது வந்தாலும் கீழே போட்டது. ரவுட்டராக இருந்தால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லியிருக்கும். இந்த இடத்தில் அது வெறும் ஸ்விட்ச், யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. லாகின், சின்ன ரிப்போர்ட், பிங் எல்லாம் சின்ன பாக்கெட்டுகள், அதனால் தப்பித்துப் போயின. மாதாந்திர ரிப்போர்ட் நிறைந்த பாக்கெட்டுகளாக வரும்போது ஒன்றுகூடக் கரையேறவில்லை. ஸ்விட்சின் அந்த போர்ட்டில், அளவு மீறிய பாக்கெட்டுகளின் எண்ணிக்கை எங்கள் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடைசியாகப் பாக்கெட்டைப் பார்த்த இடம், முதலில் காணாமல் போன இடம் – இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறு இருக்கும். தேடுவதற்கு அவ்வளவு இடம் போதும். திரும்பி வரும் வழியையும் இதே போல் பார்த்துவிடுங்கள். கேள்வி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வேறு வழியில் போய் ஒரு ஃபயர்வாலில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

அன்று ஸ்விட்சின் அளவை 9216-க்கு உயர்த்தினோம். 1472 பைட் பிங் மூன்று ஜன்னலிலும் ஓடியது. கணக்குப் பிரிவுக்கு நானே போன் செய்தேன். அவர்கள் ரிப்போர்ட்டைத் திறக்கும் வரை லைனிலேயே இருந்தேன். அன்று மாலை ஒரு பெரிய தாளில் டாப் போர்ட்டிலிருந்து எதிர்ப்பக்க டாப் போர்ட் வரை முழு வழியையும் வரைந்து, ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் அதன் பைட் அளவை எழுதி, சர்வர் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

நன்றி, வணக்கம்.