மூணு ஏ மரம்

நேயர்களுக்கு வணக்கம். வயலின் வாங்கப் போகிறவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? திருப்பி அதன் முதுகைப் பார்க்கிறார்கள். மேப்பிள் மரத்தில் குறுக்கே ஓடும் வரிகள், புலிவரி என்போம். சாய்த்துப் பிடித்தால் மின்னிய வரி மங்கும், மங்கிய வரி மின்னும், மயில்கழுத்துப் பட்டு மாதிரி. மரத்தின் நார் நேராக ஓடாமல் அலையலையாக வளர்ந்திருப்பதுதான் காரணம். இழைப்பவருக்கு அது தலைவலி; கூர் கொஞ்சம் மழுங்கினாலும் நார் பிய்த்துக்கொண்டு வரும்.

இந்த வரியை வைத்துத்தான் மர வியாபாரிகள் தரம் போடுகிறார்கள். ஒரு ஏ, இரண்டு ஏ, மூன்று ஏ. வரி ஆழமாக, ஓரத்துக்கு ஓரம் விட்டுப்போகாமல் இருந்தால் ஏ கூடும், விலையும் கூடும். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. இவர் கடை மூன்று ஏ, அடுத்த கடையில் இரண்டு ஏ. அது கண் போட்ட மார்க்கு, காது போட்டது இல்லை.

மயிலாப்பூரில் ஒரு அப்பா. பெண்ணுக்கு வயலின் வாங்க என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று மேலிருந்து கீழ்வரை புலிவரி. இன்னொன்று வெறும் முதுகு. பெண் இரண்டிலும் மாயாமாளவகௌளை வாசித்தாள். வெறும் முதுகில் மந்தர ஸ்தாயி, அதாவது கீழ்ச் சுரங்கள், கணீரென்று பேசியது. அப்பா முகம் சுளித்தார்: "பார்க்க ஒண்ணுமே இல்லையே சார்!" பெண் விடவில்லை. "உட்கார்ந்து வாசிக்கறப்போ முதுகு என் பக்கம்தானேப்பா இருக்கும், சபையில யாரு பார்க்கப்போறா?" நியாயமான கேள்வி. கடைசியில் எதை வாங்கினார்கள் என்கிறீர்கள்? புலிவரியைத்தான்!

கிடாரிலும் இதே கதை. இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஆறு கிடார்கள், முதுகும் பக்கமும் மட்டும் வேறுவேறு மரம். 52 பேர் மரம் தெரியாதபடி வாசித்துப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவு மரத்துக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. அதற்காக மரமே முக்கியமில்லை என்று சொல்லவில்லை. வயலினின் மேல்பலகையைப் பாருங்கள். அது ஸ்ப்ரூஸ் மரம். ரேகை நேராக ஓடவேண்டும், பலகை லேசாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டும்.

நம்ம ஊர்ப் பலாவைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: தஞ்சாவூர் வீணைக்குப் பலாக்கட்டை எடுப்பவர்கள் கணுவும் வெடிப்பும் இருக்கிறதா, ஈரம் வற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள், தட்டிக் கேட்கிறார்கள். ஒரே கட்டையில் குடையும் ஏகாண்ட வீணை என்றால் இன்னும்... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.