இல்லாத ஊரின்மேல் குண்டு போடலாமா? 30 சதவீதம் பேர் ‘போடலாம்’ என்றார்கள்!

ஒரு கேள்வி. அக்ரபா என்ற ஊரின்மேல் குண்டு போடுவதை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? வீடியோவை நிறுத்துங்கள், மனத்துக்குள் ஒரு பதில் சொல்லிக்கொள்ளுங்கள், கூகுள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

சொல்லியாயிற்றா? சரி. 2015 டிசம்பரில் அமெரிக்காவில் பப்ளிக் பாலிசி போலிங் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் இதே கேள்வியைக் கேட்டது. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல். குடியரசுக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கப்போகிறவர்களில் 30 சதவீதம் பேர் ‘ஆதரிக்கிறேன்’ என்றார்கள், 13 சதவீதம் பேர் ‘எதிர்க்கிறேன்’ என்றார்கள்.

அக்ரபா எங்கே இருக்கிறது? டிஸ்னியின் அலாவுதீன் கார்ட்டூன் படத்தில் இருக்கிறது. உலக வரைபடத்தில் எங்கேயும் இல்லை!

(திரையில்: 30 – 13)

இந்தச் செய்தி அன்றைக்கு உலகம் முழுக்கச் சுற்றியது. கார்ட்டூன் ஊரின்மேல் குண்டு போடச் சொல்கிறார்கள் பாருங்கள் என்று ஒரு கட்சிக்காரர்களை எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். ஆனால் அதே கேள்வி ஜனநாயகக் கட்சி வாக்காளர்களிடமும் கேட்கப்பட்டது, அந்த எண்ணைப் பெரும்பாலானவர்கள் கவனிக்கவே இல்லை. அவர்களில் 19 சதவீதம் பேர் ஆதரவு, 36 சதவீதம் பேர் எதிர்ப்பு. இப்போது கூட்டிப் பாருங்கள். 30ம் 13ம் 43. 19ம் 36ம் 55. அதாவது இல்லாத ஊரைப் பற்றித் திடமாக ஒரு கருத்துச் சொன்னவர்கள், சிரித்த பக்கத்தில்தான் அதிகம்! இந்தக் கூட்டலை முதல் முறை போட்டுப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், கருத்துக்கணிப்புகளைப் பற்றி ஒரு வீடியோ போட்டே ஆகவேண்டும் என்று தோன்றியது இதனால்தான்.

இவர்களைப் பார்த்துச் சிரிப்பது நியாயம் இல்லை என்பது என் கருத்து. அந்தத் தொலைபேசி அழைப்பை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், போன் அடிக்கிறது, எடுத்தால் பதிவு செய்த ஒரு குரல். முஸ்லிம்கள் நாட்டுக்குள் வருவதைத் தடைசெய்யலாமா என்பது போன்ற நிஜமான, கனமான கேள்விகள் இருந்த அதே பட்டியலில்தான் இதுவும் இருந்தது. சிரியாவில் ரக்கா என்ற ஊரின்மேல் நிஜமாகவே குண்டு விழுந்துகொண்டிருந்த நேரம் அது, தினமும் செய்தியில் அந்தப் பெயர் வரும். அக்ரபா என்று காதில் விழுந்ததும் ‘ஓ, அந்தப் பக்கத்து ஊர் போல’ என்றுதான் யாருக்கும் தோன்றும். கேட்கிறவர் இல்லாத ஒன்றைக் கேட்க மாட்டார் என்று நம்பிப் பதில் சொல்கிறோம். அந்த நம்பிக்கை முட்டாள்தனம் இல்லை, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பேச முடிவதே அந்த நம்பிக்கையால்தான். ஊரைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பிரதேசத்தைப் பற்றி, பயத்தைப் பற்றி, போரே வேண்டாம் என்ற சலிப்பைப் பற்றிச் சொன்னார்கள். கேட்டது ஒன்று, பதில் வந்தது இன்னொன்றுக்கு.

இது 2015ல் புதிதாக வந்த தந்திரமும் இல்லை. 1978ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘1975ஆம் ஆண்டு பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்யலாமா?’ என்று மக்களிடம் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. மூன்றில் ஒருவர் கருத்துச் சொன்னார். 1995ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதே இல்லாத சட்டத்தைத் திரும்பக் கேட்டது, இந்த முறை சிலரிடம் மட்டும் ‘அதிபர் கிளின்டன் இதை ரத்து செய்ய வேண்டும் என்கிறார்’ என்று ஒரு வரி சேர்த்து. அவ்வளவுதான், கருத்துச் சொல்கிறவர்கள் அதிகமானார்கள், அதுவும் கட்சிவாரியாகப் பிரிந்து நின்று சொன்னார்கள். சட்டம் என்னவென்று யாருக்கும் தெரியாது, சொன்னது யார் என்று தெரியும், அது போதுமானதாக இருந்தது. இந்த ஒரு சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஊடகங்களைப் பற்றிப் பேசும்போது உதவும்.

கருத்துக்கணிப்பின் வரலாற்றை வேகமாகத் தாண்டிவிடுவோம். 1936ல் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அஞ்சல் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை எண்ணி, அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46ல் ரூஸ்வெல்ட் ஜெயித்தார். முகவரிகளை எங்கிருந்து எடுத்தார்கள்? தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை. ஜார்ஜ் கேலப் என்பவர் அதில் ஒரு சிறு பங்குப் பேரை மட்டும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கேட்டு, ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அது கிளறிய பானைக்குத்தான் பொருந்தும். டைஜஸ்ட் மேலாக மிதந்த பருக்கைகளை மட்டும் 20 லட்சம் எண்ணியது. அடுத்து 1948 அதிபர் தேர்தலில் கேலப்பின் கணிப்பும் தோற்றது, கடைசி நாட்களில் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள், தோற்பார் என்று சொல்லப்பட்ட ட்ரூமன் ஜெயித்துவிட்டு, தான் தோற்றதாக அச்சான செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார், அந்தப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். வரலாறு முடிந்தது.

இனித் தலைவர்கள். ‘அதிபர் தன் வேலையைச் செய்யும் விதம் உங்களுக்கு ஏற்புடையதா?’ என்று கேலப் நிறுவனம் 2025 வரை பல பத்தாண்டுகளாகக் கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் கேட்டு வந்தது. 2001 செப்டம்பர் தொடக்கத்தில் ஜார்ஜ் டபிள்யூ புஷ்ஷுக்கு 51 சதவீதம். செப்டம்பர் 11 தாக்குதல். அதே மாதக் கடைசியில் 90 சதவீதம்! இரண்டே வாரத்தில் அவர் வேலை செய்யும் விதம் அவ்வளவு மாறிவிட்டதா? இல்லை. நாட்டுக்கு அடி விழுந்தது, மக்கள் கொடிக்குக் கீழே ஒன்றாக நின்றார்கள், கொடிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் 1970லேயே இதற்குக் ‘கொடியைச் சுற்றித் திரளுதல்’ என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கென்னடி. 1961 ஏப்ரலில், சிஐஏ பயிற்சி கொடுத்த கியூப அகதிகள் சுமார் 1,400 பேர், காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்கக் கியூபாவின் பன்றி விரிகுடாவில் இறங்கினார்கள், மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது, படுதோல்வி. அதற்குப் பிறகு கென்னடிக்குக் கிடைத்த ஆதரவு 83 சதவீதம். தோல்விக்கு! இதற்கு நேர் எதிர்ப்பக்கம் மூத்த புஷ். 1991ல் வளைகுடாப் போரை ஜெயித்து 89 சதவீதம் வாங்கினார், அடுத்த ஆண்டு தேர்தலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, ‘தலைவருக்கு இவ்வளவு ஆதரவு’ என்று எண் வரும்போது, அது அவர் செய்த வேலைக்கு வந்த மதிப்பெண்ணா, இல்லை அந்த வாரம் நாட்டுக்கு இருந்த மனநிலையா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். இன்னொரு விஷயமும் உண்டு. இப்படிப்பட்ட நேரங்களில் எதிர்க்கட்சிகள் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் பேசாவிட்டால் செய்தியில் ஒரே குரல்தான் கேட்கும், ஒரே குரலைக் கேட்கிறவர்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். அவர்கள் திரும்பப் பேச ஆரம்பித்ததும் எண்ணும் இறங்க ஆரம்பிக்கும்.

அடுத்து வருவதைத் திரையில் கவனமாகப் படியுங்கள், இந்த வீடியோவில் நான் ரொம்பவும் அக்கறைப்படும் இடம் இதுதான்.

(திரையில், கேள்வி 1: சதாம் உசேனின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர இராக்மேல் ராணுவ நடவடிக்கை எடுப்பதை ஆதரிக்கிறீர்களா?)

(திரையில், கேள்வி 2: அமெரிக்கப் படையில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்படக்கூடும் என்றாலும், சதாம் உசேனின் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவர இராக்மேல் ராணுவ நடவடிக்கை எடுப்பதை ஆதரிக்கிறீர்களா?)

இரண்டையும் பியூ ஆய்வு மையம் 2003 ஜனவரியில் கேட்டது. முதல் கேள்விக்கு 68 சதவீதம் ஆதரவு, 25 எதிர்ப்பு. இரண்டாவதற்கு 43 ஆதரவு, 48 எதிர்ப்பு. அதே நாடு, அதே மாதம், அதே போர். முதல் கேள்வியை எடுத்துக்கொண்டால் ‘போருக்கு மக்கள் பேராதரவு’ என்று தலைப்புப் போடலாம். இரண்டாவதை எடுத்துக்கொண்டால் ‘போரை விரும்பாத மக்கள்’ என்று போடலாம். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் போர் என்றால் ஆட்கள் சாவார்கள் என்பதைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்பது என்ன கேள்வி? விலையைச் சொல்லாமல் ‘இது வேண்டுமா?’ என்று கேட்பதுபோல. அந்த மார்ச்சில் போர் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் என்ற வார்த்தை பிறகு நிஜமானது, அமெரிக்கத் தரப்பில் மட்டும் 4,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், இராக் மக்கள் அதைவிடப் பல மடங்கு.

ஒரே ஒரு வினைச்சொல் மாறினாலே போதும் என்பதற்கும் பழைய சோதனை இருக்கிறது, 1941ல் வெளியானது. ‘ஜனநாயகத்துக்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளைத் தடைசெய்ய வேண்டுமா?’ என்று கேட்டால் 54 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ‘அத்தகைய பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா?’ என்று கேட்டால் 75 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். தடைசெய் என்பதும் அனுமதிக்காதே என்பதும் ஒன்றுதானே? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘தடை’ என்ற சொல்லில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்கிறது, ‘அனுமதி இல்லை’ என்பது ஒரு பலகையோடு நின்றுவிடுகிறது.

கடைசியாக ஊடகங்கள். செய்தித்தாள், தொலைக்காட்சி, வானொலி ஆகியவற்றை நம்புகிறீர்களா என்று கேலப் கேட்டதற்கு 1976ல் 72 சதவீத அமெரிக்கர்கள் ஆம் என்றார்கள். 2025ல் 28. இதைப் பார்த்ததும் ‘ஐயோ, அந்தக் காலம்’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உடனே வால்டர் குரோங்கைட் பெயரைச் சொல்வார்கள், சிபிஎஸ் செய்தியாளர், அமெரிக்காவிலேயே அதிக நம்பிக்கைக்குரிய மனிதர் என்று கருத்துக்கணிப்பே சொன்னதாக. 1972ல் அப்படி ஒரு கணிப்பு வந்தது உண்மை, 73 சதவீதம் வாங்கினார், உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் அவரோடு இருந்தவர்கள் யார் தெரியுமா? அரசியல்வாதிகள்! நிக்சன் மாதிரி ஆட்கள். வேறொரு செய்தியாளர் பெயர்கூட அதில் இல்லை. நல்ல செய்தியாளர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் அந்தப் பட்டம் வந்த வழி அதுதான்.

அப்புறம் அந்த 28ஐ உடைத்துப் பார்த்தால், ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் 51 சதவீதம் பேர் நம்புகிறார்கள், குடியரசுக் கட்சி ஆதரவாளர்களில் 8 சதவீதம் பேர்தான். பொது விவகாரச் சட்டம் நினைவிருக்கிறதா, கிளின்டன் பெயரைச் சேர்த்ததும் மக்கள் பிரிந்து நின்ற அந்தச் சட்டம்? ‘ஊடகம்’ என்ற சொல்லும் இப்போது அப்படி ஆகிவிட்டது. கேட்கும்போதே ஒருவர் மனத்தில் ஒரு சேனல், இன்னொருவர் மனத்தில் அதற்கு எதிர் சேனல். 28 என்பது இந்த இரண்டு கூட்டத்துக்கும், நடுவில் எந்தக் கட்சியிலும் சேராமல் நிற்பவர்களுக்கும் போட்ட சராசரி. அந்தச் சராசரியில் யாருமே குடியிருக்கவில்லை.

இதன் விளைவு கருத்துக்கணிப்பின் தலையிலேயே விடிகிறது. பியூ மையம் தொலைபேசியில் கூப்பிட்டால் 1997ல் 36 சதவீதம் பேரிடம் பதில் வாங்க முடிந்தது. 2018ல் 6 சதவீதம். தெரியாத எண் என்றால் எடுப்பதில்லை, எடுத்தாலும் வைத்துவிடுகிறோம். எடைபோட்டு, வயது, படிப்பு எல்லாம் சரிக்கட்டி நியாயமான எண்ணுக்கு வந்துவிடுகிறார்கள், அந்த வேலையை நான் மதிக்கிறேன். ஆனால் யாரையுமே நம்பாமல் போனை வைத்துவிடுகிறவரின் அவநம்பிக்கையை எப்படி எண்ணுவது? போனை எடுத்தவர்களிடம்தானே நம்பிக்கையைப் பற்றியே கேட்க முடிகிறது.

அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ‘மக்கள் சொல்கிறார்கள்’ என்று எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேள்வியைத் தேடுவேன், கேட்ட வார்த்தைகள் அப்படியே வேண்டும். அது செய்தியில் இல்லையென்றால் அந்த எண்ணை யாருக்கும் அனுப்ப மாட்டேன். நீங்களும் ஒரு வாரம் செய்து பாருங்கள், எத்தனை செய்தியில் கேள்வி இருந்தது என்று கமெண்டில் எழுதுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். அக்ரபா கேள்விக்குக் குடியரசுக் கட்சி வாக்காளர்களில் 57 சதவீதம் பேரும், ஜனநாயகக் கட்சி வாக்காளர்களில் 45 சதவீதம் பேரும் சொன்ன பதில், ‘தெரியவில்லை’. இரண்டு பக்கமும் இருந்ததிலேயே பெரிய எண் அதுதான். தொடக்கத்தில் நான் வீடியோவை நிறுத்தச் சொன்னபோது அதைச் சொன்னவர்கள் யார் யார், கீழே கை தூக்குங்கள், உங்கள் பெயர்களை அடுத்த வீடியோவில் நான் வாசிக்கிறேன்.