ஓங்கி ஒரு அடி

நேயர்களுக்கு வணக்கம். நான் காரைக்குடியில் கிராபிக் டிசைனராக இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, மசாலா பாக்கெட், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று எது வந்தாலும் செய்வேன். கலை, இசை பற்றிப் பேச முடியுமா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் நாளில் பாதி, 'மாமா போட்டோவைக் கொஞ்சம் பெருசா வைங்க' என்பதிலேயே போய்விடும். சரி, எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் அப்பா பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் சீர் சாமான் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு முதல் டபரா வரைக்கும் பேர் இருந்தாக வேண்டும். பேருக்கு முன்னால் விலாசம். மெ., பழ., சித., வயி. என்று பாட்டனையும் தகப்பனையும் ஓரிரு எழுத்தில் அடக்கிவிடுவார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளுக்கே இந்த விலாசம்தான் அடையாளம். கல்லூரியில் 'லோகோ' என்று பாடம் எடுத்தபோது, இதைத்தானே அப்பா டபரா விளிம்பில் வெட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்ன உளி, சின்னச் சுத்தியல், டிக் டிக் என்று புள்ளி புள்ளியாக எழுத்து நகரும். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். கச்சேரியில் பாட்டு நின்று மிருதங்கம் தனியாக முழங்குகிற தனி ஆவர்த்தனம் வந்துவிட்டால் சுத்தியல் தானாக அதன் பின்னால் போகும். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. காரைக்குடி மணியின் மிருதங்கம் என்றால் மட்டும் வேலை நின்றுவிடும். 'இவரோட நம்மால ஓட முடியாது' என்று உளியைக் கீழே வைத்துவிடுவார்.

அப்புறம் நான் கம்ப்யூட்டருக்கு வந்தேன். இங்கே ஒன்றை ஒருமுறை செய்தால் போதும், மற்றதெல்லாம் நகல். இந்த வசதி என்னை ஒருநாள் நன்றாகவே மாட்டிவிட்டது. ஒரு உணவகத்துக்கு மெனு அட்டை. 'செட்டிநாடு ஸ்டைல்ல வேணும்' என்றார்கள். அப்படிச் சொன்னாலே எனக்குப் பயம். ஒரு தேக்குத் தூண், நாலு காய்ந்த மிளகாய், பின்னணியில் தரையில் பதிக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், முடிந்தது. அன்றும் அதையேதான் செய்தேன். ஒரே ஒரு கல்லைப் படம் எடுத்து, பக்கம் முழுக்கப் பரப்பினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, 'என்னடி, பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி இருக்கு' என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அம்மா சொன்னது சரி. மறுநாள் ஆத்தங்குடிக்குப் போய்ப் பட்டறையில் உட்கார்ந்தேன். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. சிமென்ட்டில் கரைத்த வண்ணத்தைக் கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே உலர்ந்த கலவையைத் தூவி, பிறகு ஈரக் கலவையை வைத்து அழுத்துகிறார்கள். சூளை கிடையாது. காய்ந்த பின் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறுகிறது. அந்த வழவழப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது.

நான் பார்க்க வந்தது அச்சைத் தூக்குகிற அந்த நொடியை. தகடு வெளியே வந்ததும் சிவப்பும் மஞ்சளும் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொள்கின்றன. எவ்வளவு தொடும் என்பது கலவையின் பதத்தையும், தூக்கிய கையையும் பொறுத்தது. ஆகவே ஒரு கூடத்தில் ஆயிரம் கல் இருந்தால் ஆயிரம் பூவும் வேறு. நடக்கும்போது நமக்கு அது தெரிவதில்லை, கண்ணுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. திரும்பி வந்து, ஒரே பூப்போட்ட பன்னிரண்டு கற்களைத் தனித்தனியாகப் படம் எடுத்துக் கலைத்துப் போட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் வேலை தேறிவிட்டது என்று அர்த்தம்.

காரைக்குடி சகோதரர்கள் என்று இரண்டு வீணைக் கலைஞர்கள் இருந்தார்கள். அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார். தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடத்தி வாசிப்பார். இருவரும் சேர்ந்து ஒரே பாட்டை வாசிக்க எதற்கு இரண்டு வீணை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஒரே அச்சில் வந்தும் வேறு வேறாக இருந்த அந்தக் கற்களைப் பார்த்த பிறகு கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு பெண் பித்தளைத் தூக்குச்சட்டியோடு வந்தாள். அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் ஐயா, அதாவது தாத்தா பேர் வர வேண்டும், அதில் வெட்டியிருப்பது போலவே வர வேண்டும். அண்ணாமலை. டைப் செய்து காட்டினேன். 'இது எங்க ஐயா மாதிரி இல்லையே அக்கா' என்றாள். இருக்காதுதான். 1978இல் அரசாணை வந்து எழுத்துச் சீர்திருத்தம் நடப்பதற்கு முன்பு 'ணா' சுழித்துக்கொண்டு ஒரே எழுத்தாக இருந்தது. 'லை'க்குத் தலையில் தும்பிக்கை இருந்தது. அண்ணாமலை என்ற ஒரு பேரிலேயே இரண்டும் வந்துவிடுகின்றன. என்னிடம் இருந்த எழுத்துருக்களில் அந்த வடிவங்கள் இல்லை.

சட்டியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். பேர் வெட்டுகிற மின்சாரப் பேனா வந்த பிறகு அவருக்கு வேலை குறைந்து, இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ணாவுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன். 'எண்ணினதில்லையே' என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். நான் எண்ணினேன். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் வேறு கணக்கு வந்தது.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. எழுத்து மொத்தமும் புள்ளியாலேயே ஆனது என்றால், 'ண்'ணின் தலையில் இருக்கிற புள்ளி எப்படித் தனியாகத் தெரியும்?

'அதுக்கு மட்டும் ஓங்கி ஒரு அடி' என்றார்.

சட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். 'ண்'ணின் மேல் அந்த ஒரு குழி மட்டும் ஆழமாக இருந்தது, விரல் வைத்தால் தட்டுப்பட்டது. யார் வெட்டியதோ, அப்பாவின் வேலை இல்லை, அதைவிடப் பழசு. திரையில் அந்தப் புள்ளியை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி, கறுப்பை ஒரு படி கூட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். 'லையோட தும்பிக்கை கொஞ்சம் மேலே போயிடுச்சு' என்றார். இறக்கிவிட்டேன். பத்திரிகை இப்போது அச்சகத்தில் இருக்கிறது. வணக்கம்.