பல் தேயும், கறை தேயாது

(பென்னாகரம் பக்கத்தில் ஒரு வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி போடுவது முதல் மைக் கட்டுவது வரை நின்று பார்த்த ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் நண்பரே (கோபமில்லை சார்), சால்வை போர்த்திய இளைஞர்களே, வணக்கம். தர்மபுரி மேடையில் அதியமானையும் நெல்லிக்கனியையும் சொல்லாமல் விடமாட்டார்கள். சொல்லிவிட்டேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். என்னை மாற்றிய மூன்று சின்ன விஷயங்களைச் சொல்லப்போகிறேன்: ஒரு போட்டோ, ஒரு பஸ் டிக்கெட், ஒரு உடைந்த மதகு.

முதலில் போட்டோ. 1997, நான் பாடம் எடுத்த எட்டாம் வகுப்பின் குரூப் போட்டோ. போட்டோகிராபர் சிரிக்கச் சொல்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள், இரண்டாம் வரிசையில் ஒரு பெண் மட்டும் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்கிறாள். கையை எடு என்றேன், எடுக்கவில்லை. எனக்குக் கோபம். "பல்லு விளக்கிட்டு வந்தா ஏன் மூடப்போறே" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். மறுநாள் அவள் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். திண்ணையில் பாட்டி புளி தட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை கொல்லையில் செங்கல் தூளை வைத்துப் பல் தேய்க்கிறாள், ஈறெல்லாம் ரத்தம். பாட்டி என்னைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினார், அதே காவி நிறம். "எங்க ஊரு தண்ணி அப்படிங்க சார். புள்ளைய ஏன் வையறீங்க?"

கல் தேயும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அங்கே பல்தான் தேய்ந்தது, கறை தேயவில்லை.

அப்புறம்தான் படித்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருக்கும் தண்ணீரைக் குழந்தைகள் குடித்து வளர்ந்தால், ஈறுக்குள் பல் உருவாகும்போதே கறை ஏறிவிடுகிறது. விளக்கினால் போகாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளூரைடு போகாது. இது நம் பாறைக்குள்ளேயே இருக்கும் சரக்கு. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, நல்லது, ஆனால் குழாயில் ரெண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் நம் கை போர்வெல் சுவிட்சுக்குத்தானே போகிறது? குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு சொல்லுங்கள்.

அதனால்தான் நான் எந்த மேடை ஏறினாலும் ஏரியில் போய் முடிக்கிறேன், சிரிக்காதீர்கள். ஏரி நிறைந்து மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கினால் கிணற்றில் இருக்கும் ஃபுளூரைடும் கொஞ்சம் நீர்த்துப்போகும். நம் ஏரிக்கு வரும் வாய்க்காலில் சீமைக்கருவேலம் ஆள் உயரம் நிற்கிறது. ஒரே நாளில் தீராது, ஆனால் எறும்பு ஊரக் கல்லும் தேயும் இல்லையா?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பஸ் டிக்கெட்டும் மதகும் அடுத்த வருஷம். வாசலில் ஒரு நோட்டு இருக்கிறது, பேர் எழுதுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை. அரிவாளும் மண்வெட்டியும் அவரவர் கொண்டுவாருங்கள், டீ ஊராட்சித் தலைவர் அம்மா செலவு. இன்னும் அவரிடம் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்கிறேன்.