பார்க்கச் சுமார், ஆடினால் விடாது: ஒதுங்கிக் கிடக்கும் ஆர்பிஜிகள்

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். பின்னால் குரைப்பது பக்கத்து வீட்டு நாய். அதற்கு என் குரல் பிடிக்காது, மைக்கை எடுத்தாலே ஆரம்பித்துவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு ஆர்பிஜி, அதாவது நாமே ஒரு கதாபாத்திரமாகி, கதைக்குள் முடிவெடுத்து, சண்டை போட்டு வளர்கிற வீடியோ கேம். ஆனால் எல்லாரும் பேசுகிற ஆர்பிஜி இல்லை. எல்டன் ரிங்கையும் பால்டர்ஸ் கேட் 3-ஐயும் நான் வந்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அண்டர்டேல், டிஸ்கோ எலீசியம் இரண்டும்கூட இனிமேல் 'யாருக்கும் தெரியாத இண்டி' (பெரிய கம்பெனி இல்லாமல் சின்னக் குழு செய்தது) கணக்கில் வராது, அவை எப்போதோ பெரிய மனிதர்கள் ஆகிவிட்டன. நான் பேசப்போவது ஒருத்தரோ நாலு பேரோ வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்து ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையில் போட்டும், முதல் படத்தைப் பார்த்ததுமே 'இது என்ன 1998-ல் வந்ததா?' என்று நாம் கடந்துபோகிற கேம்களைப் பற்றி.

நான் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் ரசனை ஒன்றும் இல்லை, காசுதான். புதிதாக வரும் பெரிய கேம் ஆயிரம் ராண்டைத் தாண்டுகிறது. அதற்கு மேல் நூறு ஜிபி டவுன்லோட். என் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டும் கிடையாது. போதாததற்கு 2023 ஞாபகம் இருக்கிறதா? லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) ஆறாம் நிலை வரை போய், எப்போது கரண்ட் போகும் என்று ஃபோனில் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் அரிசியே களைந்தார்கள். அந்த இருட்டில் பேட்டரியில் ஓடுகிற கேம்தான் கேம். அப்படி வந்தவன்தான் நான்.

ஆனால் இங்கேயே தங்கிப்போனது வேறு காரணத்தால். பெரிய கம்பெனி நூற்றுக்கணக்கான பேருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அதனால் ஆடுகிறவன் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ளும். எந்தப் பதிலைச் சொன்னாலும் கதை நகரும், எந்தக் கதவுக்கும் எங்காவது ஒரு சாவி இருக்கும். இரண்டு பேர் செய்த கேமுக்கு அந்தக் கவலை கிடையாது. 'இது உன்னால் முடியாது, போ' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். எனக்கு அந்த முறைப்பு பிடித்துவிட்டது.

முதலில் நம்ம நாட்டுச் சரக்கு. டெஸ்க்டாப் டஞ்சன்ஸ். கேப் டவுனில் இருக்கும் க்யூசிஎஃப் டிசைன் செய்தது. ஆரம்பத்தில் இலவசமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. 2011-ல் அமெரிக்காவில் நடக்கும் இண்டி கேம்ஸ் ஃபெஸ்டிவலில் சிறந்த டிசைனுக்கான விருதை வாங்கியது. முழு வடிவம் 2013-ல் வந்தது. 2023-ல் 'ரீவைண்ட்' என்று 3டி-யில் புதுப்பித்தார்கள். இத்தனையும் நடந்திருக்கிறது, இங்கே டர்பனில் கேம் ஆடுகிற பையன்களிடம் கேட்டால் பாதிப் பேருக்குப் பெயரே தெரியவில்லை!

ஆட்டம் இப்படி. சின்னக் கட்டம் கட்டமாக ஒரு குகை, பெரும்பகுதி இருட்டு. நீங்கள் ஒரு அடி வைத்தால் சுற்றியுள்ள கட்டங்கள் வெளிச்சமாகும். அப்படிப் புதிதாக ஒரு கட்டம் திறக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் ஹெல்த் கொஞ்சம் ஏறும், மந்திரத்துக்கான மானாவும் ஏறும். அரக்கர்கள் இருந்த இடத்திலேயே நிற்பார்கள், தேடி வரமாட்டார்கள். ஒருத்தன் மேல் மவுஸை வைத்தால் அடித்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே காட்டிவிடும். சண்டையில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. இதில் என்ன கஷ்டம் என்றால், இருட்டுதான் உங்கள் மருந்துப் பெட்டி. அவசரப்பட்டு எல்லாக் கட்டத்தையும் திறந்துவிட்டால், கடைசியில் பெரிய எதிரியான பாஸ் முன்னால் நிற்கும்போது உடம்பைத் தேற்ற ஒரு கட்டம்கூட மிச்சமிருக்காது. சரி, பாதி அடித்துவிட்டு ஓடிப்போய் இருட்டைத் திறந்து ஹெல்த் ஏற்றலாம் என்றால், நீங்கள் திறக்கத் திறக்க அடிபட்ட அரக்கனுக்கும் உடம்பு தேறும். அவனுக்கு இரண்டடி, உங்களுக்கு ஒரு கட்டம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு சுற்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பெரும்பாலும் உங்கள் கதை முடிந்து. டாக்ஸி ராங்கில் வரிசையில் நிற்கும்போதுகூட மனசுக்குள் அந்தக் கட்டங்களையே நகர்த்திக்கொண்டிருப்பேன். சிரிக்காதீர்கள், நீங்களும் ஆடிப் பாருங்கள்.

அடுத்தது ஜீன்ஃபோர்ஜ். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப்போகிறேன், டீ வேண்டுமென்றால் இப்போதே ஊற்றிக்கொள்ளுங்கள்.

சியாட்டிலில் ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி என்று சொன்னாலும் குடும்பத்தொழில் மாதிரிதான். ஜெஃப் வோகல் என்பவர் 1994-ல் தொடங்கி, இன்றுவரை ஆர்பிஜி மட்டுமே செய்துகொண்டிருக்கிறார். தன் கேம்கள் பார்க்க நன்றாக இருக்காது என்று அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். ஜீன்ஃபோர்ஜ் முதலில் வந்தது 2001-ல். 2021-ல் அதையே 'மியூட்டஜன்' என்ற பெயரில் புதுப்பித்து வெளியிட்டார். முதல்முறை ஆடுகிறவர்கள் அதை எடுங்கள், பழையது இன்றைய கண்ணுக்கு ரொம்பச் சோதனை.

இந்த உலகத்தில் ஷேப்பர்கள் என்று ஒரு கூட்டம். உயிர்களைக் கையாலேயே செய்யத் தெரிந்தவர்கள். சண்டைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. வேலைக்காகச் செய்த உயிர்களின் பெயர் சர்வைல். முதுகு கூனி, வயலில் உழைத்து, ஷேப்பரைக் கண்டால் குனிய வேண்டும். நீங்கள் ஷேப்பராகப் படிக்கிற ஒரு மாணவர். வழியில் கப்பல் தாக்கப்பட்டு சூசியா என்ற தீவில் ஒதுங்குகிறீர்கள். இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஷேப்பர்கள் அந்தத் தீவைத் தடை செய்யப்பட்ட இடமாக்கிவிட்டுக் கிளம்பிப் போனார்கள். போகும்போது சர்வைல்களை அங்கேயே விட்டுவிட்டார்கள்.

எஜமான்கள் இல்லாமலே அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். ஊர் கட்டியிருக்கிறார்கள். மூன்று கட்சியாகவும் பிரிந்திருக்கிறார்கள். ஒபேயர்கள் இன்னும் ஷேப்பர்களைச் சாமியாக நினைத்து, திரும்பி வருவார்கள் என்று காத்திருக்கிறவர்கள். அவேக்கண்ட் என்பவர்கள் 'மரியாதை கொடுக்கிறோம், எங்களுக்கும் கொடு, சமமாகப் பேசலாம்' என்கிறவர்கள். டேக்கர்களுக்கு ஷேப்பர் என்றாலே வெறுப்பு. இப்போது அந்த ஊர்களுக்குள் நீங்கள் நுழைகிறீர்கள், ஷேப்பர் உடுப்போடு.

இங்கே உட்கார்ந்து இதை ஆடும்போது எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1860 நவம்பர் 16, மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைக்கு வந்த நாள். அன்றிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள், பெரும்பாலும் கரும்புக்காக. என் ஆயா (பாட்டி) டோங்காட் பக்கத்தில் வளர்ந்தவர். அவருடைய தாத்தா, கூலிகளை வேலை வாங்கும் சர்தார் முன்னால் தலையை நிமிர்த்திப் பேசமாட்டாராம். தாத்தாவின் தம்பி நிமிர்ந்துதான் பேசுவாராம், அதனால் அடியும் வாங்குவாராம். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா. அமெரிக்காவில் இருக்கும் வோகல் நம்மை நினைத்து எழுதவில்லை, நன்றாகத் தெரியும். ஆனாலும் பென்டில் என்கிற ஒபேயர் ஊருக்குள் போய், அங்கே ஒரு வயசான சர்வைல் என்னைக் கண்டதும் குனிந்தபோது, எந்தப் பதிலை அழுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேம் உங்களை நல்லவனாக்க அவசரப்படாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஷேப்பர் மாதிரி அதட்டிப் பேசலாம், வேலை நடக்கும். சமமாகப் பேசினால் சில இடத்தில் உங்களுக்குத்தான் நஷ்டம். அதைவிட முக்கியம், நீங்களும் உயிர்களைச் செய்கிறீர்கள். நெருப்பு துப்பும் ஃபயோரா என்ற சின்னப் பல்லி ஒன்றை முதலிலேயே செய்யலாம். அது உயிரோடு இருக்கும்வரை உங்கள் எஸென்ஸில், அதாவது உயிர் செய்யும் சக்தியில், ஒரு பங்கு அதில் முடங்கிக் கிடக்கும். அதைவிடப் பெரிதாக ஒன்று செய்ய வேண்டுமா? பழையதை உறிஞ்சிவிட்டால் எஸென்ஸ் திரும்பக் கைக்கு வந்துவிடும். ஒரு பட்டன்தான். சண்டை சண்டையாக உங்களோடு வந்து லெவல் ஏறிய பிராணியை அந்த ஒரு பட்டனில் இல்லாமல் ஆக்கிவிட்டு, அடுத்த நிமிடம் சர்வைல் உரிமையைப் பற்றி நியாயம் பேசுவீர்கள். கேம் அதைச் சுட்டிக்காட்டி ஒரு வார்த்தை சொல்லாது. தீவு முழுக்கக் குப்பிகள் கிடக்கும், பயன்படுத்தினால் சும்மாவே சக்தி கிடைக்கும். நிறைய எடுத்தால் புத்தி மாறும், திமிர் ஏறும், முடிவும் மாறும். நான் கணக்கில்லாமல் எடுத்தேன், கெட்டவனாக ஆடிப் பார்க்க வேண்டாமா!

குறையும் சொல்லிவிடுகிறேன். இசை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. படிக்க நிறைய இருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில். நடுவில் சில பகுதிகள் வெறும் சண்டையாக இழுக்கும். ஸ்பைடர்வெப் கேம்களுக்கு எப்போதும் பெரிய டெமோ இருக்கும், அதை ஆடிப் பார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

ஜீன்ஃபோர்ஜ் பிடித்தால் தி ஏஜ் ஆஃப் டெக்கடென்ஸ் பக்கம் போகலாம். அயர்ன் டவர் என்ற சின்னக் குழு, பத்து வருடத்துக்கும் மேல் உருட்டி 2015-ல் வெளியிட்டது. ரோமாபுரி மாதிரி ஒரு பேரரசு விழுந்தபிறகு நடக்கும் கதை. நான் சொன்ன முறைப்பு இதில் உச்சத்தில் இருக்கும். வியாபாரியாக ஆரம்பித்துவிட்டு வாளைத் தூக்கினால் முதல் சந்திலேயே பிணம். ஆனால் வாய்ச்சாமர்த்தியம் இருந்தால் ஒரு சண்டைகூடப் போடாமல் கேமையே முடிக்கலாம். ஒரு முறை ஆடினால் கதையில் கொஞ்சம்தான் தெரியும். கொலைகாரனாக ஆடியபோது தூரத்தில் நடந்த கலவரத்துக்குப் பின்னால் என்ன பேரம் நடந்தது என்பது வியாபாரியாக ஆடும்போதுதான் புரியும். எல்லாருக்கும் இது ஒத்துவராது. அடிக்கடி செத்தால் எரிச்சல் வரும் ஆள் என்றால் விட்டுவிடுங்கள்.

அண்டர்ரெயில் அதே வருடம் வந்தது, செர்பியாவின் பெல்கிரேடில் செய்தது. பூமிக்கு அடியில் மெட்ரோ ஸ்டேஷன்களே நாடுகளாக மாறிய உலகம். இதில் ஒரே ஒரு யோசனைக்காக அவர்களுக்கு மாலை போடலாம். ஆடிட்டி என்ற முறையைத் தேர்ந்தெடுத்து ஆடினால், எதிரியைக் கொன்றதற்காக எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) கிடையாது. மூலை முடுக்கில் கிடக்கும் விசித்திரமான பொருட்களைக் கண்டுபிடித்து ஆராய்ந்துதான் பெரும்பாலும் லெவல் ஏற வேண்டும். அதனால் எலியை அடித்து எலியை அடித்து லெவல் ஏற்றும் கூலி வேலை ஒழிந்தது, ஒளிந்து போகிறவனும் வளர்வான். கடைசியில் வரும் டீப் கேவர்ன்ஸ் என்ற பகுதி மட்டும் தண்டனை. அதை யாராவது ரசித்து ஆடினேன் என்று சொன்னால் நம்பமாட்டேன்.

இந்தியாவிலிருந்து ஒன்று, அன்ரெஸ்ட், 2014. பைரோடாக்டைல் கேம்ஸ் செய்தது. பழைய இந்தியா மாதிரி ஒரு கற்பனை நாடு, பீம்ரா என்ற நகரம், பஞ்சம். வாள் வீரன் கதை இல்லை இது. ஆளுக்கு ஆள் மாறி மாறி ஆடுவீர்கள். அதில் ஒருத்தி பிடிக்காத கல்யாணத்துக்குத் தள்ளப்படும் கிராமத்துப் பெண். எதிரில் நிற்கிறவருக்கு உங்கள் மேல் நட்பு எவ்வளவு, மரியாதை எவ்வளவு, பயம் எவ்வளவு என்று மூன்றும் தனித்தனியாக ஏறி இறங்கும். சொந்தக்காரர்களோடு பேசிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. சீக்கிரம் முடிந்துவிடும், கொஞ்சம் மொட்டையாகவும் முடியும். சேலில் வரும்போது வாங்குங்கள்.

நம்ம கண்டத்தில் இன்னொன்று, ஆரியன்: லெகசி ஆஃப் தி கோரி-ஓடான். கேமரூனின் யாவுண்டேயில் கீரோ கேம்ஸ் 2016-ல் வெளியிட்டது. ஆட்சி பறிக்கப்பட்ட இளவரசன் என்ஸோவும் அவன் மனைவி எரீனும் சேர்ந்து திரும்பிப் போராடும் ஆக்‌ஷன் ஆர்பிஜி. கதாநாயகனின் பெண்டாட்டி முதல் காட்சியிலேயே செத்துப்போகாமல் கடைசிவரை கூடவே சண்டை போடுகிற கேம் எத்தனை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். படங்கள் அழகு. ஆங்கில வசனம் கரடுமுரடு, அடிக்கும் பட்டன்களோ ஏகப்பட்டது. எனக்குக் கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். சண்டை கேம் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒத்துவரும்.

ஒரே ஒரு சனிக்கிழமைதான் கையில் இருக்கிறது என்றால் ஃபெல்விடெக். 2024-ல் வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு, இன்றைய ஸ்லோவாக்கியா. குடிகார வீரன் ஒருவன், பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள், கூட ஒரு பாதிரியார். ஆர்பிஜி மேக்கர் என்கிற எளிய மென்பொருளில்தான் செய்திருக்கிறார்கள், ஆனால் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஐந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். கெட்ட வார்த்தை தாராளமாக வரும், அதனால் ஹாலில் வைத்து ஆட வேண்டாம், ஆயா காது நன்றாகவே கேட்கும்.

இவ்வளவுதான் இன்றைக்கு. கேவ்ஸ் ஆஃப் க்யூட் என்ற இண்டி ஆர்பிஜி எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அது இப்போது பரிசெல்லாம் வாங்கி நன்றாகவே இருக்கிறது, என் சிபாரிசு தேவையில்லை. ரோட்வார்டன் என்ற இன்னொரு ஆர்பிஜியைக் கேட்டவர்களுக்கு: ஆடிக்கொண்டிருக்கிறேன், முடிக்காமல் பேசமாட்டேன். ஜீன்ஃபோர்ஜில் நீங்கள் எந்தக் கட்சியில் சேர்ந்தீர்கள், ஏன் என்று கீழே எழுதுங்கள். டேக்கர் பக்கம் போனவர்கள் கொஞ்சம் விவரமாகவே எழுதுங்கள், உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.