கிணத்து நீச்சல் தெரியும், ட்ரையத்லான் போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணே, வாரத்துல மூணு நாள் 5 கிலோமீட்டர் ஓடுறேன். சின்ன வயசுல கிணத்துல நீச்சல் பழகுனது. இன்னும் 12 வாரத்துல ஸ்பிரிண்ட் ட்ரையத்லான், பேர் குடுத்துட்டேன். உடம்பத் தேத்திரலாம். தண்ணிய நினைச்சாத்தான் தூக்கம் வரல. மனச எப்படித் தயார் பண்றது? புது சைக்கிள் வாங்கணுமா?"

ஸ்பிரிண்ட்னா 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மூணும் அடுத்தடுத்து, நடுவுல கடிகாரம் நிக்காது.

தம்பி, மனசத் தனியா எடுத்து வச்சுத் தயார் பண்ண முடியாது. எதை நினைச்சுப் பயப்படுறீங்களோ, அதையே சின்ன அளவுல, ஆபத்தில்லாத இடத்துல, திரும்பத் திரும்ப செஞ்சு பாக்கணும். உங்க பயம் தண்ணியில இருக்கு, அதனால அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

கிணத்துல பழகுனவங்களுக்கு ஆழத்தப் பாத்துப் பயம் இருக்காது, நின்னபடி மிதக்கத் தெரியும். அது பெரிய பலம். ஆனா கிணத்துல நாலு கை போட்டா மறு சுவர் வந்துரும், புடிச்சு நின்னுக்கலாம். அதனால தலையத் தூக்கிக்கிட்டே நீந்துற பழக்கம் வந்துரும். தலை மேல போனா இடுப்பும் காலும் கீழ இறங்கும், தண்ணிய இழுத்துக்கிட்டே போறீங்க. 100 மீட்டர்ல கழுத்தும் தோளும் கடுத்துரும், மூச்சு முட்டும். அந்த மூச்சு முட்டுறதைத்தான் நாம பயம்னு நினைச்சுக்குறோம்.

மூச்சு முட்டுறது பெரும்பாலும் காத்து பத்தாம இல்ல, உள்ள இருக்குற காத்த வெளிய விடாததால. முகம் தண்ணிக்குள்ள இருக்குறப்ப மூக்காலயும் வாயாலயும் குமிழி விட்டுக்கிட்டே இருக்கணும். பக்கவாட்டுல திரும்புறப்ப இழுக்குறது மட்டும்தான் வேலை. முதல் ரெண்டு வாரம் வேற எதுவும் வேணாம். 25 மீட்டர் நீந்துங்க, 20 விநாடி நில்லுங்க, திரும்ப நீந்துங்க. வாரத்துல மூணு நாள். மதுரை ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் நீச்சல் குளம் மாதிரி, உயிர்காப்பாளர் இருக்குற இடமாப் பாத்துப் போங்க. பத்தாவது வாரத்துல நிக்காம 1000 மீட்டர் வரணும். அப்பத்தான் போட்டி அன்னைக்கு 750 உங்களப் பயமுறுத்தாது.

குளத்துல அடியில கோடு தெரியும், ஏரியிலயும் கடல்லயும் தெரியாது. அதனால ஆறேழு கைக்கு ஒருதரம் கண்ணு மட்டும் வெளிய வர்ற அளவுக்கு நிமிந்து பாத்து, உடனே முகத்த இறக்கப் பழகுங்க. ரெண்டு நண்பர்களக் கூட்டிக்கிட்டு ஒரே வரிசையில இடிச்சுக்கிட்டே நீந்துங்க. நீச்சல் கண்ணாடிக்குள்ள வேணும்னே கொஞ்சம் தண்ணி விட்டுக்கிட்டு 50 மீட்டர் போங்க. போட்டி அன்னைக்கு நடக்கப்போறது இதுதான். கூட்டத்துல மூச்சு தடுமாறினா மல்லாந்து படுத்துருங்க, பத்து மூச்சு நிதானமா விடுங்க. மிதவையையோ காவல் படகையோ புடிச்சு ஓய்வெடுக்கலாம், அதப் புடிச்சு முன்னேறாம இருந்தா விதிமீறல் இல்ல. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சாலே பல பேருக்குப் பாதி பாரம் இறங்கிரும்.

ஒண்ணு கண்டிப்பாச் சொல்றேன். திறந்த தண்ணி பழகுறேன்னு தனியா கண்மாயிலயோ வைகை அணையிலயோ இறங்காதீங்க. சகதி, பாசிக்கொடி, மணல் அள்ளுன பள்ளம், எது எங்க இருக்குன்னு தெரியாது.

சைக்கிளுக்கு வருவோம். மதுரையில இருந்து அழகர்கோவில் சுமார் 20 கிலோமீட்டர், ஒரு வழியே உங்க போட்டி தூரம். விடிஞ்சதும் கிளம்புங்க, லாரி ஓடுற ரிங் ரோடு வேணாம். கனமான கியர்ல அமுக்கி மிதிக்காம, நிமிஷத்துக்கு 80, 90 சுத்து வர்ற மாதிரி லேசா மிதிங்க. தொடைய அங்கயே தீத்துட்டா ஓட்டத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. வாரத்துல ஒருநாள் சைக்கிள விட்டு இறங்குன உடனே 10 நிமிஷம் ஓடணும். கால் மரக்கட்டையாட்டம் இருக்கும், ஓடவே வராது. பயந்துறாதீங்க, சில நிமிஷத்துல தெளிஞ்சுரும். அந்த நேரத்துல சின்னச் சின்ன எட்டா வைங்க. கடைசி வாரம் மூணுலயும் அளவப் பாதியாக் குறைச்சுருங்க.

நம்ம ஊரு வெயிலுக்கு வெறும் தண்ணி மட்டும் பத்தாது. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னாலயும் பின்னாலயும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கு. நடுவுல தண்ணி குடிச்சிருந்தா அதையும் கூட்டிக்கங்க. பெரிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்ட ஒரு லிட்டர்ல கரைக்கணும், அரை லிட்டர்ல கரைச்சா வயித்தப் பெரட்டும். சைக்கிள்ல போறப்ப அரை லிட்டர்ல இருந்து முக்கால் லிட்டர் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுங்க. போட்டிக்கு ரெண்டரை மணி நேரம் முன்னால மூணு இட்லி, ஒரு வாழைப்பழம். நெய்ப் பொங்கலும் வடையும் அன்னைக்கு வேணாம். அக்குளுக்கும் தொடைக்கும் தேங்காய் எண்ணெய் தடவுங்க, ஆனா அதே கையால நீச்சல் கண்ணாடியத் தொட்டா ஒண்ணும் தெரியாது.

நெஞ்சு வலி, மயக்கம், ரத்தக் கொதிப்பு, வீட்டுல யாருக்காவது இளவயசுல மாரடைப்பு, இதுல எது இருந்தாலும் முதல்ல டாக்டரப் பாத்து இ.சி.ஜி. எடுத்துருங்க. ட்ரையத்லான்ல நடக்குற மரணங்கள்ல பெரும்பகுதி நீச்சல்லதான் நடக்குது. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

புது சைக்கிள் தேவையில்ல. இருக்குறதுல பிரேக், டயர், செயின் சரியா இருந்தாப் போதும். சீட்டுல உக்காந்து பெடல் கீழ இருக்குறப்ப குதிகால் வச்சா கால் நேரா நீளணும். முட்டிக்கு முன்பக்கம் வலிச்சா சீட்ட ஏத்துங்க, பின்பக்கம் வலிச்சா இறக்குங்க. ஹெல்மெட் மட்டும் நல்லதா வாங்குங்க. நீந்தி வந்ததும் முதல்ல ஹெல்மெட் வாரை மாட்டணும், அப்புறம்தான் சைக்கிள ஸ்டாண்டுல இருந்து எடுக்கணும். மாத்திச் செஞ்சா அபராதம். வீட்டு வாசல்லயே ஈரக் கையோட அதப் பத்து தடவ மாட்டிப் பழகிக்கங்க தம்பி.