ஸ்ப்ரே அடித்தும் போகாத சின்னக் கரப்பான்: தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் என்ன செய்வது?

சரி, அடுத்த கேள்வி. ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "சார், நாங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. சமையலறை முழுக்கச் சின்னச் சின்னக் கரப்பான். வாரம் ஒருமுறை ஸ்ப்ரே அடிக்கிறேன். சிங்க் ஓட்டையில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நாள் குறைகிறது, அப்புறம் பழையபடி வந்துவிடுகிறது. தவழுகிற குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது."

அம்மா, முதலில் அந்த ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நம் வீடுகளில் பெரும்பாலும் பார்ப்பது இரண்டு வகைக் கரப்பான். ஒன்று பெரியது. செம்பழுப்பு நிறம், 4 சென்டிமீட்டர் வரை இருக்கும். அது சாக்கடையில் வாழ்வது, ராத்திரியில் குழாய் வழியாக மேலே வரும். அதற்கு பாத்ரூம் ஓட்டையில் ஜாலி மூடி, தரை ஓட்டைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிற நகானி ட்ராப்பில் எப்போதும் தண்ணீர், கதவுக்குக் கீழே இடைவெளியை அடைப்பது, இவையே பாதி வேலையை முடித்துவிடும். இடைவெளியை நன்றாக அடையுங்கள், அவ்வளவு பெரிய பூச்சி 3 மில்லிமீட்டர் இடுக்கிலும் உடம்பைத் தட்டையாக்கி நுழைந்துவிடும்.

உங்கள் வீட்டில் இருப்பது அது இல்லை. சின்னது, வளர்ந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அடுத்த முறை பார்க்கும்போது தலைக்குப் பின்னால் முதுகைக் கவனியுங்கள். இரண்டு கறுப்புக் கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இதன் பெயர் ஜெர்மன் கரப்பான். பெயர்தான் ஜெர்மன். 2024இல் வந்த மரபணு ஆய்வு, சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா, மியான்மர் பக்கத்தில் இருந்த ஓர் ஆசியக் கரப்பானிலிருந்து இது பிரிந்தது என்று காட்டியிருக்கிறது. அன்றிலிருந்து மனிதனோடுதான் வாழ்கிறது. காட்டிலோ வயலிலோ இதைப் பார்க்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இது சிங்க் ஓட்டை வழியாக வருவதில்லை. உங்கள் சமையலறையிலேயே குடியிருக்கிறது. அதனால் பாச்சா உருண்டை இதற்கு வீண். வீண் மட்டுமில்லை, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்கவே வைக்காதீர்கள். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக இருக்கிற குழந்தைகளுக்கு அந்த உருண்டையில் இருக்கிற நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். மிட்டாய் என்று நினைத்து வாயில் போடுகிற ஆபத்து வேறு.

இப்போது ஸ்ப்ரேக்கு வருகிறேன். இந்தச் சின்னக் கரப்பானில் பெண் பூச்சி, முட்டைகளை ஒரு பெட்டியில் அடைத்துப் பின்பக்கமே சுமந்துகொண்டு திரியும். அரிசி நீளத்துக்கு ஒரு பழுப்புப் பெட்டி, அதற்குள் 30, 40 முட்டை. நீங்கள் அடிக்கிற மருந்து வெளியே தெரிகிற நாலு பூச்சியைக் கொல்லும். மிச்சம் அந்த வாடைக்குக் கலைந்து அடுத்த அலமாரிக்கும் ஹாலுக்கும் போய்விடும். பெட்டிக்குள் இருக்கும் முட்டைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதோடு, பல ஊர்களில் இந்த ஸ்ப்ரே மருந்துகளுக்கு இது பழகியே விட்டது. கடைசியில் மருந்து தங்குவது தரையில், அங்கேதான் உங்கள் குழந்தை தவழுகிறது.

சரி, என்ன செய்வது? ஜெல். கடையில் சிரிஞ்ச் மாதிரி ட்யூபில் கிடைக்கும், இமிடாகுளோபிரிட் அல்லது ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்தது. எங்கே வைப்பது என்று தெரிய, இன்று ராத்திரி பதினொரு மணிக்கு மேல் லைட் போடாமல் டார்ச்சோடு சமையலறைக்குப் போங்கள். அலமாரிக் கதவின் கீல், கேஸ் அடுப்பின் அடிப்பக்கம், ஃப்ரிட்ஜ் பின்னால் மோட்டார் சூடாக இருக்கிற இடம், ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்பு, இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். அது அதன் எச்சம். புள்ளி எங்கே அதிகமோ, அங்கேதான் குடியிருப்பு.

ஒரு வீட்டில் மூன்று மாதமாக என்ன செய்தும் போகவில்லை. நான் போய் மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் இருந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே மோட்டாரின் கம்பிச்சுருள் பக்கத்தில் குஞ்சும் பெரிசுமாக அப்பிக்கொண்டிருந்தன. தினம் சட்னி அரைக்கிற மிக்ஸி அம்மா அது! நீங்கள் கழற்றுவதாக இருந்தால் ப்ளக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

அந்த இடங்களுக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு ஜெல். பெரிய பொட்டாக நாலு வைப்பதைவிடச் சின்னப் பொட்டாகப் பதினைந்து, இருபது வைப்பது நல்லது. குழந்தைக்கு எட்டாத கீல், இடுக்கு, அலமாரியின் உள்மூலை, அங்கே மட்டும். பாத்திரம் படுகிற இடத்தில் வேண்டாம். வைத்த பிறகு அந்தப் பக்கம் ஸ்ப்ரேயோ ஃபினாயிலோ படக் கூடாது, பட்டால் கரப்பான் ஜெல்லைத் தொடாது.

இதைத் தின்ற கரப்பான் உடனே சாகாது, கூட்டுக்குத் திரும்பிப் போய்த்தான் சாகும். குஞ்சுகள் வெளியே அவ்வளவாக வராது, பெரிசுகளின் எச்சத்தையும் செத்ததையும் தின்று வளரும். அதனால் விஷம் அதுகளுக்கும் போய்ச் சேரும். ஸ்ப்ரேயால் இது முடியாது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்து, காலியான இடத்தில் மறுபடி வையுங்கள். மூன்று, நாலு வாரத்தில் மிச்ச முட்டை பொரியும், அப்போது இன்னொரு முறை. ஜெல்லைத் தொடவே இல்லை என்றால் வேறு கம்பெனி ஜெல் மாற்றுங்கள். இனிப்புக்காகச் சேர்க்கிற குளுக்கோஸ் கசக்கிற கரப்பான் கூட்டங்கள் உண்டு, 1990களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்புறம் தண்ணீர். சாப்பாடு இல்லாமல் பல நாள் தாங்குகிற பூச்சி, தண்ணீரும் இல்லையென்றால் இரண்டு வாரம் தாங்குவதே கஷ்டம். படுக்கப் போகும் முன் சிங்க்கைத் துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். ஈரத் துணியையும் ஸ்க்ரப்பரையும் பிழிந்து வெளியே காயப் போடுங்கள். பிரியாணி இலை, கற்பூரம் எல்லாம் வைத்துப் பார்த்தவர்கள் நிறைய பேர், போனதாக நான் ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை.

ஒழிந்த பிறகு மறுபடி எப்படி வரும் என்றால், பெரும்பாலும் நாம்தான் கையில் தூக்கிக்கொண்டு வருவோம். மளிகைக்கடை அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, பழைய ஃப்ரிட்ஜ், பழைய மைக்ரோவேவ். அட்டைப்பெட்டியை வாசலிலேயே பிரித்துச் சாமானை மட்டும் உள்ளே எடுங்கள். பக்கத்து வீட்டோடு சுவர் ஒன்று என்பதால், சிங்க்குக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகிற ஓட்டையைச் சுற்றி வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். முடிந்தால் அந்த வீட்டாரிடமும் பேசி, ஒரே நாளில் இரண்டு சமையலறையிலும் ஜெல் வையுங்கள்.